நீர் எரிபொருளாகுமோ?

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே எமது நாட்டிற் பெற்றோல் கிடைத்தல் அரிதாகி, எரிபொருள் நிலையங்களின் முன்னே வண்டிகள் நாட்கணக்காக வரிசையில் நின்றமையை எவரும் மறந்திரார். அந்நாட்களில் ஒருநாள், நாம் வகுப்பிலே தமிழ்ப் பாடம் நடாத்திக்கொண்டிருக்கையில், மாணவனொருவன் எழுந்து, "ஐயா, தண்ணீரில் ஓடும் கார் இருக்கிறதாமே, மெய்தானா?" என்று வினவினான். கைத்தொலைபேசியிலே அத்தகைய படமொன்றைக் கண்டதாகவும் கூறினான். தமிழாசிரியரிடத்து இவ்வினாவோ என்று வகுப்பு நகைத்தது. நாமும் உடன் நகைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆயினும், ஆம் என்றோ இல்லை என்றோ திட்டமாகக் கூற எம்மால் இயலாமற் போனமை எம்மை உறுத்திற்று. விஞ்ஞானங் கற்பிக்கும் நண்பர்களை வினவியும் நூல்களைப் பயின்றும் நாம் அறிந்துகொண்டவற்றை, இம்மலர் வாயிலாக மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அம்மாணவனுக்கு அன்று சொல்லாத விடையும் இதனுள் அடங்கும்.

நீர் ஒரு சாம்பல்

விறகு எரிந்தபின் அடுப்பிலே எஞ்சுவது சாம்பல். அச்சாம்பலை மீண்டும் அடுப்பிலிட்டு உலை கொதிக்கவைக்க எவரும் முயலார். விறகிலிருந்த ஆற்றல் வெப்பமாய் வெளிப்பட்டபின் எஞ்சியதே அது என்பதை யாவரும் அறிவர். நீரின் நிலையும் இதுவே. ஐதரசன் என்னும் வாயு ஒட்சிசனோடு கூடி எரியும்போது பெருவெப்பம் வெளிப்படுகின்றது. எரிந்து முடிந்தபின் எஞ்சுவது நீர். 2 கிராம் ஐதரசன் 16 கிராம் ஒட்சிசனோடு கூடி 18 கிராம் நீராகும். அக்கணக்கின்படி ஒரு கிலோகிராம் ஐதரசன் எரிந்தால் 9 கிலோகிராம் நீர் உண்டாகும். ஆகவே நீரை ஐதரசனின் சாம்பல் எனக் கூறுதல் பொருந்தும்.

அச்சாம்பலை மீண்டும் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்தல் இயலாதோ எனின், இயலும். ஆய்வுகூடத்திலே சிறிதளவு அமிலஞ் சேர்த்த நீரினுள் இரு மின்வாய்களை நிறுத்தி மின்னோட்டஞ் செலுத்தினால், ஒன்றில் ஐதரசனும் மற்றையதில் ஒட்சிசனும் 2க்கு 1 என்னுங் கனவளவில் எழுவதை மாணவர் கண்டிருப்பர். ஆனால், கூடும்போது வெளிப்பட்ட ஆற்றல் எவ்வளவோ, பிரிக்கும்போதும் அவ்வளவு ஆற்றலைக் கொடுத்தேயாதல் வேண்டும். செயலில் அதனினும் மிகுதியாகவே கொடுக்க நேர்கின்றது. கொடுத்ததிலும் கூடுதலாக எப்பொறியாலும் எடுக்க இயலாது என்பது ஆற்றற் காப்பு விதி. நீரை மட்டும் ஊற்றி வண்டி ஓட்டலாம் என்போர் இவ்விதியையே மறுக்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலே அங்ஙனங் கூறிப் பிறரிடம் பொருள் பெற்ற ஒருவரது செயல் மோசடியென 1996 ஆம் ஆண்டு நீதிமன்றந் தீர்ப்பளித்து, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு ஆணையிட்டது.

எனினும், ஐதரசனை உட்கொண்டு நீரை மட்டும் வெளிவிட்டு ஓடும் வண்டிகள் மெய்யாகவே உள. அவற்றின் உயிருறுப்பு எரிபொருட்கலம் என்னுங் கருவியாகும். பொய்யான நீர்க்காரையும் மெய்யான ஐதரசன் காரையும் மக்கள் ஒன்றாக எண்ணி மயங்குவதனாலேயே இரண்டின் வேறுபாட்டையும் விரித்துரைக்க வேண்டியதாயிற்று.

எரிபொருட்கலம் தொழிற்படும் முறை

நிறைந்து நிற்கும் குளமொன்றை எண்ணிக்கொள்வோம். அணை உடைந்தால் நீர் முழுவதும் ஒருங்கே பாய்ந்து வெள்ளமாய் வீணாகும். மதகைத் திறந்து வாய்க்கால் வழியே விட்டாலோ, அதே நீர் வயலுக்குப் பயன்படும். ஐதரசனை நெருப்பில் எரித்தல் அணை உடைந்தாற் போல்வது. எரிபொருட்கலத்தினுள் ஒட்சிசனோடு கூட்டுதல் மதகின் வழி விட்டாற் போல்வது. இரண்டிலும் நிகழும் சேர்க்கை ஒன்றே. முன்னையதில் ஆற்றல் வெப்பமாய்ச் சிதறுகின்றது. பின்னையதில் அதன் பெரும்பகுதி மின்னாய்க் கைக்கு வருகின்றது.

இக்கால வண்டிகளிலுள்ள கலத்தின் அமைப்பு வருமாறு: நடுவிலே மெல்லிய பிளாத்திக்குச் சவ்வொன்று. அதன் இருபுறமும் பிளாற்றினத் துணிக்கைகள் படிந்த காபன் மின்வாய்கள். ஒருபுறத்தால் ஐதரசனும் மறுபுறத்தால் வளியும் செலுத்தப்படுகின்றன. ஐதரசன் பிளாற்றினத்தை அடைந்ததும் புரோத்தன், இலத்திரன் என இருகூறாய்ப் பிரிகின்றது. சவ்வானது புரோத்தன்களுக்கு வழிவிடும், இலத்திரன்களுக்கு வழிவிடாது. தடுக்கப்பட்ட இலத்திரன்கள் வெளியேயுள்ள கம்பி வழியாகச் சுற்றிச் செல்லவேண்டியனவாகின்றன. அங்ஙனஞ் சுற்றும் வழியிலேதான் வண்டியின் மின்மோட்டரை இயக்குகின்றன. மறுபுறத்தை அடைந்தபின் புரோத்தனும் இலத்திரனும் வளியிலுள்ள ஒட்சிசனோடு கூடி நீராகின்றன.

இக்கலமொன்று தரத்தக்க மின்னழுத்தம் கொள்கையளவில் 1.23 உவோற்று, ஓடும் வண்டியிற் கிடைப்பது ஏறத்தாழ 0.6 முதல் 0.7 உவோற்று வரையே. ஆதலால் நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கித் தொடுக்கின்றனர். பெற்றோல் எஞ்சின் தன் எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரையே இயக்கமாக்க, எரிபொருட்கலம் பாதியளவையோ அதனினுஞ் சற்று மிகுதியையோ மின்னாக்க வல்லது.

ஈண்டுச் சொல்லைப்பற்றியும் ஒரு சொல் கூறுதல் தமிழாசிரியர் கடனாகும். கலம் என்பது தமிழிற் பாத்திரத்தையும் உணர்த்தும், மரக்கலத்தையும் உணர்த்தும். பற்றரி என நாம் வழங்கும் மின்கலம் தன்னுள் அடக்கி வைத்ததையே தந்து தீர்வதால் பாத்திரத்தை ஒக்கும். எரிபொருட்கலமோ தன்னுள் ஒன்றையும் சேமியாது; ஒருபுறம் ஏற்றி மறுபுறம் இறக்கும் மரக்கலத்தை ஒக்கும். ஐதரசனும் வளியும் வந்துகொண்டிருக்குமளவும் அது மின்னைத் தந்துகொண்டேயிருக்கும்.

நூற்றாண்டு கடந்த முயற்சி

இக்கருவி நேற்று இன்று தோன்றியதன்று. வேல்சு நாட்டுச் சுவான்சீ நகரிற் பிறந்த வில்லியம் குரோவ் என்பவர் சட்டத்தொழில் புரிந்தவர், பிற்காலத்தில் நீதிபதியாயுமிருந்தவர். அவர் விஞ்ஞானத்திலும் பேரார்வம் உடையவர். அமிலநீரில் நின்ற பிளாற்றினத் தகடுகளில் ஒன்றை ஐதரசனும் மற்றையதை ஒட்சிசனும் சூழ்ந்திருந்தால் அவற்றிடையே மின்னோட்டம் எழுவதை 1839 ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். அதே காலத்திற் சுவிற்சலாந்தின் பேசல் நகரிலிருந்த சோன்பைன் என்னும் இரசாயனவறிஞரும் இவ்வுண்மையைக் கண்டிருந்தார். 1842 இலே குரோவ் பல கலங்களைத் தொடுத்து 'வாயு மின்கலவடுக்கு' ஒன்றை அமைத்து, அதிற் பிறந்த மின்னைக் கொண்டே வேறொரு பாத்திரத்து நீரைப் பிரித்துங் காட்டினார். நீரைப் பிரித்தலும் கூட்டுதலும் ஒரே தெருவின் இரு திசைகள் என்பது இதனால் விளங்கிற்று.

ஆயினும் அம்மின் மிகச் சிறிது. வாயுவும் திரவமும் உலோகமும் ஒருங்கே சந்திக்கும் இடத்திலேதான் தாக்கம் நிகழும். தகடொன்றில் அவ்விடம் மிகக் குறுகியது. 1889 இல் லுட்விக் மொண்டு, சார்ல்சு லாங்கர் என்னும் இருவர் அமிலத்தில் ஊறிய துளைமிகு தட்டையும் துளையிட்ட மெல்லிய பிளாற்றினத் தாளையும் பயன்படுத்தி மின்னைப் பெருக்கினர். ஆனாற் பிளாற்றினத்தின் விலை அம்முயற்சிக்குத் தடையாயிற்று. அவ்விலை இன்றளவும் இத்துறையை விட்டு நீங்காத தடையாகும். 1894 இல் யேர்மனிய அறிஞர் ஒசுவால்டு, நீராவிப் பொறியின் வீண்செலவை எடுத்துக்காட்டி, எரிபொருளை நேரே மின்னாக்குவதே வருங்காலத்துக்குரிய வழியென வலியுறுத்தினார். வழி இதுவெனக் கூறியபின்னும் அவ்வழியில் வண்டி ஓட அரைநூற்றாண்டுக்கு மேற் சென்றது.

அவ்வழியைத் திறந்தவருள் முதன்மையானவர் பிரான்சிசு தோமசு பேக்கன் என்னும் ஆங்கிலேய எந்திரவியலாளர். 1932 இல் இக்கலத்தைப்பற்றிக் கருதத் தொடங்கிய அவர், தாம் பணிபுரிந்த இடத்தில் அதற்கு இடங்கிடையாமையால் அப்பணியையே துறந்தார். இலண்டனிலும் பின்னர்க் கேம்பிரிச்சிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பிளாற்றினத்துக்குப் பதிலாக நிக்கலையும், அமிலத்துக்குப் பதிலாகப் பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலையும் கொண்டு, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்திலே, உயர்ந்த அமுக்கத்திலே தம் கலத்தை இயக்கினார். 1959 ஆம் ஆண்டு 40 கலங்களைக் கொண்ட அவரது அடுக்கு, பாரந்தூக்கும் வண்டியொன்றைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டிற்று. இருபத்தேழாண்டு முயற்சியின் பயன் இது. அவரது முறையைத் தழுவியமைத்த கலங்களே 1969 இற் சந்திரனுக்குச் சென்ற அப்பலோ விண்கலத்துக்கு மின்னைத் தந்தன. அவற்றில் உண்டான நீரை விண்வெளிவீரர் பருகினர்.

வண்டியிலேறிய கலம்

1959 ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவில் அலிஸ்-சால்மேர்ஸ் நிறுவனத்தார் 1,008 கலங்களையுடைய உழவு இயந்திரமொன்றை ஓட்டிக் காட்டினர். 1966 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தார் 'இலெக்திரோவான்' என்னும் வண்டியை அமைத்தனர். அறுவர் இருக்கத்தக்க அவ்வண்டியிற் குழாய்களும் திரவ ஐதரசன், திரவ ஒட்சிசன் தாங்கிகளும் இடத்தை அடைத்துக்கொண்டமையால் இருவருக்கே இடமிருந்தது. அபாயங் கருதி அது நிறுவனத்தின் எல்லையைத் தாண்டவிடப்படவில்லை. 1970 இற் கார்ள் கோர்டெசு என்னும் அறிஞர், பழைய ஒஸ்ரின் காரொன்றின் கூரைமீது ஐதரசன் உருளைகளை வைத்துக் கட்டி, ஒகையோ மாநிலப் பொதுவீதிகளிற் பல ஆண்டுகள் தாமே ஓட்டினார். இயலும் என்பது இவற்றால் உறுதியாயிற்று. எளிது என்பது உறுதியாகவில்லை.

எளிதாக்கிய படிகள் இரண்டு. முதலாவது, திரவத்துக்குப் பதிலாகத் திண்மச் சவ்வு. ஜெனரல் இலெக்திரிக்கு நிறுவனத்தில் தோமசு கிறப் என்பவர் 1955 இல் இக்கருத்தைத் தோற்றுவித்தார். அவரது தோழரான லெனாட் நீட்ராக் அச்சவ்வின்மேற் பிளாற்றினத்தைப் படியவைக்கும் முறையைக் கண்டார். 1965 இற் சென்ற ஜெமினி 5 விண்கலத்தில் இவ்வகைக் கலம் பயன்பட்டது. பின்னர் டியூப்பொன் நிறுவனத்தார் ஆக்கிய நபியன் என்னும் உறுதிமிக்க பொருள் சவ்வின் ஆயுளை நீட்டித்தது. இரண்டாவது படி, பிளாற்றினச் சிக்கனம். சதுரசதமமீற்றருக்கு 4 மில்லிகிராம் வேண்டியிருந்ததை, லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தார் 1980 களிற் பத்திலொரு பங்காகக் குறைத்தனர். பிளாற்றினத்தை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கிக் காபன்மீது பரப்பி, சவ்வுப் பொருளையே கரைத்து அவற்றிடையே ஊறவைத்தமை இதற்குக் காரணம்.

இதன்பின் முன்னேற்றம் விரைந்தது. 1993 இற் கனடாவின் பலாட் நிறுவனத்தார் பஸ் வண்டியொன்றை ஓட்டினர். 1994 இல் டைம்லர்-பென்சு நிறுவனத்தாரின் முதற் பரிசோதனை வண்டியிற் சரக்கிடம் முழுவதையும் கருவிகளே அடைத்திருந்தன. 2003 இல் ஐரோப்பாவின் ஒன்பது நகரங்களில் நகருக்கு மூன்றாக 27 பஸ் வண்டிகள் பொதுமக்களை ஏற்றின. 2014 டிசெம்பரில் யப்பானிலே ரொயோற்றா நிறுவனத்தாரின் மிராய் விற்பனைக்கு வந்தது. அப்பெயருக்கு யப்பானிய மொழியில் எதிர்காலம் என்பது பொருள். அதன் அடுக்கில் 370 கலங்கள். வலு 114 கிலோவாற்று. ஏறத்தாழ 5 கிலோகிராம் ஐதரசனோடு 500 கிலோமீற்றரளவு ஓடத்தக்க அக்காருக்கு வாயு நிரப்பச் சில நிமிடங்களே போதும்.

இதில் வாயுவைச் சுமத்தலும் பெருஞ் சிக்கலாயிருந்தது. ஒரு கிலோகிராம் ஐதரசன் சாதாரண அமுக்கத்தில் ஏறத்தாழ 11,000 இலீற்றர் இடத்தைக் கொள்ளும். வளிமண்டல அமுக்கத்தின் 700 மடங்குக்கு அமுக்கி, காபன் நாரினாற் சுற்றிய தாங்கியில் அடைத்தால் 25 இலீற்றர் போதும். அத்துணை அமுக்கத்தைக் காத்தற்குக் கவனமும் அத்துணை வேண்டும். 2019 யூன் மாதத்தில் நோர்வேயின் தலைநகரை அடுத்த ஐதரசன் நிலையமொன்று வெடித்தது. தாங்கியின் ஆணிகள் உரிய அளவு முறுக்கப்படாமையே காரணமென ஆய்ந்தறிந்தனர்.

ஐதரசன் எங்கிருந்து வருகின்றது?

கலம் செம்மையாயிற்று; தாங்கியும் அமைந்தது. எஞ்சிய வினாவே பெரிது. நிலத்தைத் தோண்டிப் பெற்றோலியம் எடுப்பதுபோல் வேண்டுமளவு ஐதரசனை எடுக்கும் வழி இன்னும் அமையவில்லை. உலகிலுள்ள ஐதரசனின் பெரும்பகுதி முன்னரே எரிந்து நீராய்க் கடலிற் கிடக்கின்றது. அல்லது காபனோடு பிணைந்து கிடக்கின்றது. எனவே ஐதரசன் ஆற்றலின் ஊற்றன்று. ஆற்றலைச் சுமக்கும் பாத்திரமே.

2022 ஆம் ஆண்டு உலகில் ஏறத்தாழ 9½ கோடி தொன் ஐதரசன் ஆக்கப்பட்டது. அதன் மிகப் பெரும்பகுதி இயற்கைவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வந்தது. மாசு குறைந்த முறைகளில் வந்தது நூற்றுக்கு ஒரு பங்கினுங் குறைவு. இயற்கைவாயுவை நீராவியோடு தாக்கமுறச் செய்து ஒரு கிலோகிராம் ஐதரசன் எடுக்கும்போது, 9 முதல் 10 கிலோகிராம் வரை காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது. வண்டியின் புகைக்குழாயில் நீர் மட்டுமே சொட்டலாம்; அதற்குரிய புகை வேறோரிடத்திற் கக்கப்பட்டிருக்கும். அன்றியும், அம்முறையில் வரும் வாயுவிற் காபனோரொட்சைட்டுச் சிறிது கலந்திருப்பினும் அது பிளாற்றினத்துக்கு நஞ்சாகும். பத்து இலட்சத்திற் பத்துப் பங்கே கலத்தை நலியச் செய்யப் போதுமாதலால் பெரிதும் தூய்மைசெய்தல் வேண்டும்.

காற்றாலும் சூரியவொளியாலும் பெற்ற மின்னைக் கொண்டு நீரைப் பிரித்தால் மாசில்லை. ஆனாற் கணக்கைப் பார்த்தல் வேண்டும். ஒரு கிலோகிராம் ஐதரசனைப் பிரிக்க 50 முதல் 55 கிலோவாற்று-மணி மின் செல்லும். அதனை அமுக்கி நிரப்ப மேலுஞ் சில செல்லும். அவ்வைதரசனிடத்து அடங்கிய ஆற்றலோ 33 கிலோவாற்று-மணி. கலம் அதிற் பாதியளவை மீட்டுத் தரும். முடிவில், 100 பங்கு மின்னைச் செலவிட்டாற் சில்லைச் சென்றடைவது 30 பங்கு அளவே. அதே மின்னை நேரே பற்றரியில் ஏற்றி ஓடும் வண்டியில் 70 பங்குக்கு மேற் பயன்படும்.

இக்கணக்கின் விளைவு சந்தையிலும் வெளிப்பட்டது. பற்றரிக் கார்கள் உலகெங்கும் பல்கிய ஆண்டுகளிலே ஐதரசன் கார்கள் சிறு தொகையாகவே நின்றன. ஐதரசன் நிலையங்கள் மிகுந்திருந்த கலிபோர்னியாவிலும் 2024 பெப்ரவரியிற் பெருநிறுவனமொன்று கார்களுக்குரிய தன் நிலையங்களை மூடுவதாக அறிவித்தது.

அவ்வாறாயின் இவ்வளவு உழைப்பும் வீணோ எனின், அன்று. பற்றரியின் பாரம் தாங்கொணாததாகும் இடங்களும், நின்று மின்னேற்ற நேரமில்லாத இடங்களும் உண்டு. நெடுந்தூரம் பெருஞ்சுமை இழுக்கும் லொறிகளும் மின்கம்பி அமைக்கப்படாத இருப்புப்பாதைகளும் அத்தகையன. 2018 இல் யேர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் எரிபொருட்கலப் புகையிரதம் பயணிகளை ஏற்றியோடத் தொடங்கியதும், 2020 இற் சுவிற்சலாந்தின் வீதிகளில் ஐதரசன் லொறிகள் ஓடத் தொடங்கியதும் இக்கருத்துப் பற்றியே. பிளாற்றினத்துக்கு ஈடாக இரும்பும் நைதரசனும் காபனும் சேர்ந்த மலிவான ஊக்கிகளை ஆக்கும் ஆராய்ச்சியும் பல நாடுகளில் நடைபெறுகின்றது. அத்துறையிற் புகும் வாய்ப்பு இன்று ஆய்வுகூடத்தில் நீரைப் பிரித்துப் பார்க்கும் மாணவனுக்கும் உண்டு.

அம்மாணவர்க்கு ஒரு சிறு செய்கையைக் கூறி அமைவோம். பிளாற்றின மின்வாய்களையுடைய கருவியில் நீரைப் பிரித்தபின், பற்றரியை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் மின்னோட்டத்தை உணர்த்தும் கல்வனோமானியைத் தொடுத்துப் பாருங்கள். அதன் முள் மறுதிசையில் அசையும். முன்னர்க் கொடுத்த மின்னிற் சிறிது திரும்பி வருகின்றது. குரோவ் கண்டதும் இதனையே. எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு மீண்டது என்பதையும் அளந்தெழுதுங்கள். அவ்விரண்டு எண்களின் வேறுபாட்டைக் குறைத்தற்கே அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர்.

2022 இல் வினவிய அம்மாணவன் இப்பொழுது கல்லூரியை விட்டு நீங்கிப் பழைய மாணவருள் ஒருவனாகிவிட்டான். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின் எமது விடை இது: தம்பி, தண்ணீரைக் குடித்து ஓடும் கார் இல்லை, தண்ணீரை விட்டுச் செல்லும் கார் உண்டு. அதனை உனக்கு எவரேனும் விற்க வந்தால், அதன் ஐதரசன் எங்கே, எந்த மின்னால், எவ்வளவு செலவிற் பிரிக்கப்பட்டது என்று கேள். அன்று எம்மைக் கேட்டதுபோலக் கூச்சமின்றிக் கேள்.